ஊர் தாண்டாத பீர்: சுமந்து வருவதா, மாற்று தேடுவதா?

ஒரு பீர் பிடித்துப் போகிறது. அது விற்கும் இடம் ஒன்று, நாம் இருக்கும் இடம் வேறு. படிக்கப் போன ஊரில் பழகியிருக்கலாம், வேலை மாறி வந்திருக்கலாம், நாலு நாள் சுற்றுலாவில் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். திரும்பி வந்து கடை கடையாகக் கேட்டால் அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். அப்புறம் என்ன வழி? போகும்போது தூக்கி வரலாம், யாரையாவது கொண்டு வரச் சொல்லலாம், பார்சலில் வரவழைக்கலாம், அதே வகையில் வேறொன்றைப் பிடிக்கலாம், வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் அங்கே போனால் மட்டும் குடிப்பது என்று விட்டுவிடலாம்.

பெரும்பாலானோர் தூரத்தையும் செலவையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: அது எந்த மாதிரி பீர்? பயணத்தைத் தாங்குமா, தாங்காதா? இது தெரிந்துவிட்டால் மேலே சொன்னவற்றில் பாதி தானாகவே அடிபட்டுப் போகும்.

பீருக்கு ஆகாதவை மூன்று: சூடு, வெளிச்சம், ஆக்சிஜன். என்னதான் கவனமாக அடைத்தாலும் பாட்டிலுக்குள் துளி ஆக்சிஜன் போய்விடும். அது சத்தமில்லாமல் வேலை செய்யும். முதலில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) மணம் மங்கும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி போல ஒரு வாடை எட்டிப் பார்க்கும். டிரான்ஸ்-2-நோனினால் என்ற சேர்மத்தைத்தான் இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். சூடு இந்த வேலையை முடுக்கிவிடும். பீர் தொழிலில் இருப்பவர்கள் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீரை ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பழசாக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி 50 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே ஒரு மதியம் கிடந்த பாட்டிலின் கதி என்ன என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெளிச்சம் இன்னும் வேகமாகக் கெடுக்கும். ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மமாக மாறுகிறது. பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் அந்த அளவுக்குத் தடுக்காது. டின்னுக்குள் வெளிச்சம் போகவே வழியில்லை. டின் பீர் என்றால் மட்டம் என்று இன்னும் நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஆக, ஹாப்ஸ் மணத்துக்காகவே குடிக்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைகள், குளிரில் நொதிக்க வைக்கும் லாகர்களில் வடிகட்டாத இளம் வகைகள், மெல்லிய கோதுமை பீர்கள் எல்லாம் ஒரு பக்கம். இவற்றின் நல்ல காலம் வாரக்கணக்கில்தான், மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று மாதம். பெல்ஜியத்து மடங்களின் கனமான கருநிற பீர், இம்பீரியல் ஸ்டவுட், பெயரில் மட்டும் வைனான பார்லி வைன் போன்ற பீர்கள் இன்னொரு பக்கம். ஆல்கஹால் அதிகம், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) அதிகம், பல சமயம் பாட்டிலுக்குள்ளேயே உயிருள்ள ஈஸ்ட்டும் இருக்கும். குளிர்ந்த இருட்டான மூலையில் வைத்தால் இவை வருடக்கணக்கில் நிற்கும், சில இன்னும் மெருகேறும். உங்கள் பீர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏன் நம் பக்கம் வருவதில்லை?

இதையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது. சில இடங்களில் சட்டம்தான் குறுக்கே நிற்கும். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிந்தபோது மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது. தயாரிப்பவர், விநியோகஸ்தர், கடைக்காரர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். ஒரு சின்ன ஆலை பக்கத்து மாநிலத்தில் விற்க வேண்டுமென்றால் அங்கே தனி உரிமம், தனி வரி, தனி விநியோகஸ்தர் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சில ஆலைகளுக்கு அந்த ஆசையே கிடையாது. விஸ்கான்சின் மாநிலத்து நியூ கிளாரஸ் ஆலையின் ஸ்பாட்டட் கவ் என்ற பீர் இதற்குப் பேர்போன உதாரணம். அந்த ஆலை முன்பு பக்கத்து இல்லினாய் மாநிலத்திலும் விற்றுவந்தது. உள்ளூர்த் தேவைக்கே சரக்கு போதவில்லை என்று அங்கிருந்து விலகிவிட்டது. இப்போது விஸ்கான்சினில் மட்டும்தான். ஆலை சிறியது, வர மனமில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. ஆலை வளர்ந்துகொண்டிருக்கிறது, விநியோகஸ்தர்தான் இன்னும் அமையவில்லை என்றால் கதை வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

தூக்கி வருவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். பயணம் தாங்கும் பீருக்கு இதைவிட நல்ல வழியும் இல்லை. விமானத்தில் 24 சதவீதமும் அதற்குக் குறைவான ஆல்கஹாலும் உள்ள பானங்களுக்கு ஆபத்துப் பொருள் என்ற கட்டுப்பாடு இல்லை. பீர் அதில் அடங்கிவிடும். ஆனால் பல விமான நிலையங்களில் கைப்பைக்கு 100 மில்லி விதி இருப்பதால் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இறங்கியதும் சுங்கம். அது நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துப் போக 110 லிட்டர் வரை பெரும்பாலும் கேள்வி இருக்காது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தால் 16 லிட்டர். பிரிட்டனில் 42 லிட்டர். இந்தியாவுக்குள் வரும்போது எல்லா மதுவும் சேர்த்து 2 லிட்டர்தான். அமெரிக்காவில் வரியில்லாமல் 1 லிட்டர், அதற்கு மேல் வரி கட்டி எடுத்துப் போகலாம். கிளம்புமுன் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம்.

அடுத்த பிரச்சினை எடை. அரை லிட்டர் கண்ணாடி பாட்டில் ஒன்று பீரோடு சேர்த்து 900 கிராம் அளவுக்கு வரும். அதே அரை லிட்டர் டின் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். 20 கிலோ பெட்டியில் பாட்டிலாக அடுக்கினால் 22, டின்னாக அடுக்கினால் 38-க்குப் பக்கம். இரண்டிலும் கிடைக்கும் பீர் என்றால் டின்னை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

பாட்டில்தான் என்றால் கட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு தடித்த சாக்ஸுக்குள் விட்டு, காற்றை வெளியேற்றி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். உடைந்தாலும் நாசம் அந்தப் பையோடு நிற்கும். பெட்டியின் அடியில் மடித்த ஜீன்ஸ், அதன் மேல் பாட்டில்கள், சுற்றிலும் சட்டைகள். பாட்டிலும் பாட்டிலும் தொடக்கூடாது. சக்கரம் இருக்கும் பக்கம், ஓரம், மூலை எதுவும் கூடாது, ஏனென்றால் பெட்டியை எறியும்போது அடி விழுவது அங்கேதான். மூடிவிட்டுப் பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் இன்னொரு துண்டைத் திணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் நிறுத்தி வைத்து, ஈஸ்ட் உள்ள பீராக இருந்தால் சில நாளாவது அசைக்காமல் விட வேண்டும். வந்த அன்றே திறந்தால் கலங்கல்தான் கிளாஸுக்கு வரும்.

ஐபிஏ பிரியர்களுக்கு இந்த வழியை நான் அரைமனதோடுதான் சொல்வேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஆல்கெமிஸ்ட் ஆலையின் ஹெடி டாப்பர் என்ற ஐபிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டாதது, டின்னில் வருவது, எப்போதும் குளிரிலேயே வைத்திருக்கச் சொல்லித்தான் ஆலை விற்கிறது. அதை ஒரு நாள் முழுக்கப் பெட்டியில் புரட்டி, வீட்டில் மாதக்கணக்கில் பத்திரப்படுத்தி, நல்ல நாள் பார்த்துத் திறப்பது வீண் வேலை. எடுத்து வந்தால் அந்த வாரமே குடித்துவிட வேண்டும். பெட்டி நிறைய வாங்குவதற்கு இது எதிரான வாதம்தான்.

நண்பரைக் கொண்டு வரச் சொல்வது இதன் கிளை வழி. சௌகரியம் நமக்கு, சுமை அவருக்கு. சொந்தமாகத் தூக்கும்போது இருக்கும் அக்கறை அடுத்தவர் பாட்டிலுக்கு இருக்காது என்பதும் இயல்புதான். நாலு டின் என்று நிறுத்திக்கொண்டால் நட்பு நிலைக்கும். அவர் பாட்டிலில் அடைத்த தேதியைப் பார்த்து வாங்க மாட்டார் என்பதால், எந்தத் தேதிக்கு முன்னால் இருந்தால் வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பார்சல்

சுருக்கமாகச் சொன்னால், எனக்கு ஒப்பாத வழி. அமெரிக்காவில் தபாலில் மது அனுப்புவது 1909 முதலே தடை. அங்குள்ள பெரிய தனியார் கூரியர்களும் உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்துதான் மதுவை வாங்கிக்கொள்ளும், தனிநபர் அனுப்ப முடியாது. பெட்டியின் மேல் வேறு எதையோ எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் பீரும் போகும், உடைந்தால் புகாரும் கொடுக்க முடியாது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் ஆலையோ உரிமம் பெற்ற கடையோ நேரடியாக அனுப்பினால் அது நியாயமான வழிதான். அப்போதும் பெட்டி எத்தனை நாள் கிடங்கில் கிடக்கும், அந்தக் கிடங்கு எவ்வளவு சூடு என்பது நம் கையில் இல்லை. கனமான கருநிற பீருக்குக் குளிர்காலத்தில் சரி. மென்மையான பீருக்குக் கோடையில் வேண்டவே வேண்டாம்.

மாற்று தேடுவது

இந்த வழியைச் சொன்னாலே ரசிகர்களுக்கு முகம் சுருங்கும். அதெப்படி அதற்கு இது ஈடாகும் என்பார்கள். எனக்கோ இருப்பதிலேயே குறைத்து மதிப்பிடப்பட்ட வழி இதுதான் என்று படுகிறது.

பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 கதையைப் பாருங்கள். சின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சும் 10.2 சதவீத பீர். மடத்தின் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். நெடுங்காலம் முன்பதிவு செய்து, கார் எண்ணைக் கொடுத்து, குறித்த நேரத்தில் மடத்து வாசலுக்குப் போய்ப் பெட்டியாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கியதை மறுபடி விற்கக்கூடாது என்பது நிபந்தனை. 2012-இல் கட்டட வேலைக்குப் பணம் தேவைப்பட்டபோது ஒருமுறை வெளிநாடுகளிலும் விற்றார்கள். உலகத்தின் சிறந்த பீர் என்று பட்டியல் போடுகிறவர்கள் பலமுறை இதை முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டுமா? ஆளாளுக்குத் தவம் கிடக்கிறார்கள்.

ஆனால் 1946 முதல் 1992 வரை அந்த மடத்தின் பெயரில் வணிகத்துக்கு பீர் காய்ச்சியது பக்கத்து வாட்டூ கிராமத்து ஆலை ஒன்று. உரிமம் முடிந்த பிறகும் அந்த ஆலை காய்ச்சுவதை நிறுத்தவில்லை, பெயரை மட்டும் சின்ட் பெர்னார்டஸ் என்று மாற்றிக்கொண்டது. அதன் ஆப்ட் 12 இன்று பல நாடுகளில் சாதாரணமாகக் கடையில் கிடைக்கிறது. மடமோ இப்போது வெஸ்ட்மாலே மடத்து ஈஸ்ட்டில் காய்ச்சுகிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்காகக் கண்டம் தாண்டத் தயாராக இருப்பவர் மற்றதை ஒருமுறைகூட வாங்கிப் பார்க்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை.

மாற்று தேடும்போது லேபிளில் உள்ள பெயரை விட்டுவிட்டு வகையைப் பிடியுங்கள். என்ன மால்ட், எந்த ஹாப்ஸ், எந்த ஈஸ்ட், வடிகட்டியதா, எத்தனை சதவீதம். பல ஆலைகள் இவற்றைத் தாங்களே வெளியிடுகின்றன. அதே ஹாப்ஸைப் பயன்படுத்தும் பக்கத்து ஆலையின் ஐபிஏ போன வாரம் அடைத்ததாக இருந்தால், மூன்று மாதம் பயணப்பட்ட உங்கள் பிரிய பீரைவிட அதுதான் உங்கள் நினைவில் உள்ள ருசிக்கு நெருக்கமாக இருக்கும்.

நம்பிக்கை இல்லையா? பீர் ஆலைகளில் செய்யும் முக்கோணச் சோதனையை வீட்டில் செய்து பாருங்கள். ஒரே மாதிரி மூன்று கிளாஸ், இரண்டில் ஒரு பீர், ஒன்றில் மற்றது. வேறொருவர் ஊற்ற வேண்டும், நீங்கள் பார்க்கக்கூடாது, மூன்றும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். நிறம் காட்டிக்கொடுத்தால் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். எது பிடித்தது என்பது இங்கே கேள்வியே இல்லை, எது வேறானது என்று சொன்னால் போதும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் ஐந்தாறு சுற்றாவது வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு போதும். உங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் பெட்டி, சுங்கம், சாக்ஸ் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. பிரிக்க முடிகிறது, ஆனாலும் மாற்று நன்றாகத்தான் இருக்கிறது என்றால் அதுவும் லாபமே. முடிகிறது, மாற்று மனதுக்கு ஒட்டவில்லை என்றால் உங்கள் பிரியம் உண்மையானது. மேலே சொன்னபடி பெட்டியைக் கட்டுங்கள்.

வீட்டில் காய்ச்சுவது

இது பீர் வேண்டும் என்பவருக்கான வழி இல்லை, பீர் காய்ச்சப் பிடிக்கும் என்பவருக்கான வழி. சட்டம் முதலில்: பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமல் சொந்தத்துக்குக் காய்ச்சலாம். அமெரிக்காவில் மத்திய சட்டம் 1979 முதல் அனுமதித்தும், கடைசி இரண்டு மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் இறங்கி வந்தன. பல இடங்களில் இன்னும் குற்றம்தான். இடத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

செய்முறை கிடைப்பது இன்று பெரிய விஷயமில்லை. ஸ்காட்லாந்தின் புரூடாக் நிறுவனம் 2016-இல் தன் பீர்களின் செய்முறைகளை இலவசமாகவே வெளியிட்டது. ஈஸ்ட் விற்கும் நிறுவனங்களும் கோல்ஷுக்கு (ஜெர்மனியின் கோலோன் நகரத்து பீர்) ஒன்று, பெல்ஜிய மட பீருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. 20 லிட்டர் காய்ச்ச 4 முதல் 5 கிலோ மால்ட் போதும். சிக்கல் குளிரில் இருக்கிறது. கோல்ஷ் மாதிரி ஒன்று வேண்டுமென்றால் 15, 16 டிகிரியில் நொதிக்க விட்டு, அப்புறம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் மூன்று நான்கு வாரம் வைக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் நடக்காது. தண்ணீரும் ஒத்துவர வேண்டும். செக் நாட்டின் பில்சன் நகரத்து மென்மையான தண்ணீரில் பிறந்த பீர் கடின நீரில் அதே மாதிரி வராது. முதல் தடவையே அசல் ருசி என்ற நப்பாசை வேண்டாம். ஆனால் ஐபிஏ பிரியர்களுக்கு ஒரு ஆறுதல்: வீட்டில் காய்ச்சியதைவிடப் புதிய பீர் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அங்கே போனால் மட்டும்

சில பீர்களுக்கு இதுதான் சரி என்று நான் அடித்துச் சொல்வேன். கோல்ஷ் அதில் ஒன்று. ஜெர்மனியின் கோலோன் நகர ஆலைகள் 1986-இல் ஒப்பந்தம் போட்டு அந்தப் பெயரை அந்த வட்டாரத்துக்கே உரியதாக்கின. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பும் வந்தது. 0.2 லிட்டர் ஒல்லிக் கிளாஸில் தருவார்கள். நாலு மடக்கில் முடிந்துவிடும், சூடாவதற்கு நேரமே இருக்காது. காலியானால் பரிமாறுபவர் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையைக் கிளாஸ் மேல் வைக்க வேண்டும். பீப்பாயிலிருந்து நேரே வரும் அந்தப் பீரைப் பாட்டிலில் வாங்கிப் போய் வீட்டு மேசையில் திறந்தால், குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் நாம் ஏங்கியது அதற்காக இல்லை என்று தெரிந்துவிடும்.

கிடைக்காததாலேயே ஏறும் ருசியும் ஒன்று உண்டு. 1970-களின் தொடக்கத்தில் கூர்ஸ் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மட்டும்தான் விற்றது. பாஸ்டரைஸ் செய்யாதது (அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காதது), குளிரிலேயே வைத்திருக்க வேண்டியது. கிழக்கிலிருந்து போனவர்கள் காரின் டிக்கி நிறைய ஏற்றி வந்தார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஜெரால்டு ஃபோர்டுகூட அதன் ரசிகர் என்று பத்திரிகைகள் எழுதின. 1980-களில் கூர்ஸ் கிழக்கேயும் பரவியது. இப்போது அதைத் தேடி யாரும் மாநிலம் தாண்டுவதில்லை, எந்தக் கடையிலும் அடுக்கில் கிடக்கிறது. உங்கள் பீரும் அந்த ரகமா என்று முக்கோணச் சோதனை ஓரளவு சொல்லிவிடும்.

காத்திருப்பது

ஆலை வளர்கிற ஆலையாக இருந்தால் மட்டும் இது ஒரு வழி. பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில்லில் 1829-இல் தொடங்கிய யிங்லிங், அமெரிக்காவின் மிகப் பழைய பீர் ஆலை. நெடுங்காலம் கிழக்கு மாநிலங்களைத் தாண்டாமல் இருந்தது. 2021-இல் டெக்சாஸுக்கு வந்துவிட்டது. உங்கள் பக்கத்து விநியோகஸ்தருக்கும் ஆலைக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை. கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் அவர்களும் கணக்குப் போடுவார்கள்.

ஆனால் வந்த பிறகு லேபிளைத் திருப்பிப் படியுங்கள். டெக்சாஸில் விற்கும் யிங்லிங், கூட்டு ஒப்பந்தத்தின்படி அங்குள்ள ஃபோர்ட் வொர்த்தில் காய்ச்சப்படுகிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை, பீரும் புதிதாகக் கிடைக்கும் என்பது அதன் நல்ல பக்கம். எல்லாரும் அப்படி வெளிப்படையாக இருப்பதில்லை. ஜெர்மன் பீர் என்று பெயரெடுத்த பெக்ஸை 2012 முதல் அமெரிக்கச் சந்தைக்காக செயின்ட் லூயிஸில் காய்ச்சினார்கள். இறக்குமதி என்று நினைத்து வாங்கிவிட்டோம் என்று வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டு, 2015-இல் அது சமரசத்தில் முடிந்தது. எங்கே காய்ச்சியது என்ற வரி பெரும்பாலும் பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்திலேயே தேதியும் இருக்கும். அடைத்த தேதி போட்டிருந்தால் நல்லது. காலாவதித் தேதி மட்டும்தான் என்றால், ஆலை எத்தனை மாதம் கொடுத்திருக்கிறது என்று அதன் தளத்தில் பார்த்துப் பின்னோக்கிக் கழியுங்கள். ஐபிஏ மூன்று மாதம் தாண்டியிருந்தால், எத்தனை வருடம் காத்திருந்த பீராக இருந்தாலும், அடுத்த லோடு வரட்டும் என்று அடுக்கிலேயே வைத்துவிடுங்கள்.